விசுவாசத்துக்கு விடுப்பு உண்டா?

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேடு பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. அதில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே வருகைக் குறிகள் வரிசையாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் அங்கங்கே கட்டங்கள் காலியாகத் தொடங்கும். பத்தாம் வகுப்புக்குப் போனதும் 'வி' என்ற ஓர் எழுத்து அந்த வரி முழுவதையும் நிரப்பிவிடும். 'வி' என்றால் விடுப்பு. காரணத்தை நான் கேட்க வேண்டியதில்லை. பெற்றோரே வந்து சொல்லிவிடுவார்கள். "பிள்ளை பத்தாவது சார், ஞாயிற்றுக்கிழமையும் ட்யூஷன் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம்." பரீட்சை முடிந்துவிடும், பிள்ளைதான் திரும்பி வருவதில்லை.

தமிழக அரசின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானபோது, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தேர்வு 2017-18இல் வந்ததிலிருந்து பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுதும் சுமை மாணவர்களுக்கு இருந்தது. அறிவிப்பு வந்த வார ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தபோது, "இனி பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளாவது வருவார்கள்" என்று சபை மூப்பர் ஒருவர் மகிழ்ந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன். மிச்சமான அந்த ஓராண்டை நீட் பயிற்சியும் ஜேஇஇ பயிற்சியும் எடுத்துக்கொண்டன. பதிவேட்டில் 'வி' எழுதுவது மட்டும் மாறவில்லை.

பதின்பருவத்தினரின் கிறித்தவ நம்பிக்கை பற்றிச் சபைகளில் பேச்சு எழும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுவது கைப்பேசி. அடுத்தது சினிமா. பிறகு 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற பெருமூச்சோடு கூட்டம் கலையும். பதிவேட்டைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் சபையைவிட்டுத் தாமாக ஓடிப்போகவில்லை. நாங்கள்தான் அவர்களுக்கு விடுப்புக் கொடுத்து அனுப்பினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, ராஜபாளையத்தில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். ஒன்று கோயில் நகரம், மற்றது நூற்பாலை நகரம். இப்பகுதியின் சீர்திருத்தச் சபைகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜில் கிடைத்த கல்விப் பதவியைவிட்டு வந்தவர். 1854 முதல் 'வட திருநெல்வேலி' என்று அன்று அழைக்கப்பட்ட இந்த வறண்ட பகுதியில் கூடாரம் அடித்துத் தங்கி, ஊர் ஊராக நடந்தார். 1858இல் சிவகாசியில் இறந்தார். தெற்கே இருந்த பழைய சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து இங்கே அனுப்பி உதவின. ஆக, நடந்து திரிந்தவர்களால் உருவான சபைகள் இவை. இன்றைக்கு நடந்து திரிகிறவர்கள் எங்கள் பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கோவை, திருப்பூர், சென்னை, பெங்களூரு. பதினெட்டு வயதில் பேருந்து ஏறும் பிள்ளையின் பையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பை நிரம்ப வேண்டிய மூன்று ஆண்டுகளில்தான் அவர்கள் விடுப்பில் இருக்கிறார்கள்.

ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்பதை நினைத்தால் இதில் ஒரு விசித்திரம் தெரியும். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது தேவாலயக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அல்ல. வாரத்தின் ஆறு நாள்களும் ஆலைகளில் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. எழுத்தறிவும் வேதமும் அங்கே சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த ராஜபாளையத்துக்காரனுக்கு இந்த வரலாறு உடனே பிடிபடும். வேலை விழுங்காமல் விட்டுவைத்த ஒரே நாளைப் பிள்ளைக்கு உரியதாக்கிய ஏற்பாடு அது. இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஏழாம் நாளும் இல்லை. ஆறு நாள் பள்ளி, மாலையில் ட்யூஷன், ஞாயிறன்று மாதிரித் தேர்வு.

பெற்றோரை நான் குறைகூறவில்லை. ஆலையில் ஷிப்ட் பார்த்தும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டியும் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒருவருக்கு, மதிப்பெண் என்பது ஆடம்பரம் அல்ல. அடுத்த தலைமுறை ஏறும் ஏணி. மிஷனரிகளே பள்ளிக்கூடத்தையும் ஆலயத்தையும் ஒரே காம்பவுண்டுக்குள்தான் கட்டினார்கள். ஆனால் 'பரீட்சை முடியட்டும், பிறகு சபைக்குப் போகலாம்' என்று நாம் சொல்லும்போது, அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. முக்கியமான காரியம் ஒன்று வந்தால் தள்ளிவைக்கக்கூடியது விசுவாசம் என்பதே அந்தப் பாடம். ஞாயிறு பள்ளியில் நான் பத்து ஆண்டு நடத்திய பாடங்களைவிட அது ஆழமாகப் பதிகிறது. பிறகு வேலை, திருமணம், வீட்டுக் கடன் என்று முக்கியமான காரியங்களுக்கா பஞ்சம்?

சபையும் தன் பங்குக்கு உதவுகிறது. பதினான்கு, பதினைந்து வயதில் திடப்படுத்தல் வகுப்பு நடக்கும். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், தாங்களே அறிக்கையிட்டுத் திருவிருந்தில் பங்குபெறத் தொடங்கும் கட்டம் அது. பெரும்பாலான இடங்களில் அது ஒரு மனப்பாடப் போட்டி. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், வினா விடை எல்லாம் ஒப்பிக்க வேண்டும். பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார், வெள்ளுடையில் படம் எடுத்துக்கொள்வார்கள், வீட்டில் பிரியாணி. தொடக்கமாக இருக்க வேண்டிய அந்த நாள் பட்டமளிப்பு விழாவாகிவிடுகிறது. பட்டம் வாங்கியவர் மறுபடியும் வகுப்புக்கு எதற்கு வர வேண்டும்?

என்னிடம் படித்த ஒரு பையன், மாவட்ட அளவில் வேத வினாடி வினாவில் கேடயம் வாங்கியவன். யூதாவின் அரசர்களை வரிசை பிசகாமல் சொல்வான். பத்தாம் வகுப்பில் விடுப்பில் போனவனை, ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு பொங்கல் விடுமுறையில் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கோவையில் வேலை. ஆலயத்துக்குப் போகிறாயா என்று கேட்டேன். "நேரம் கிடைப்பதில்லை சார்" என்றான். பிறகு, நான் கேட்காமலே சொன்னான்: "அறையில் உடனிருக்கிறவன் ஒருநாள், நீ எதற்காகக் கிறித்தவனாக இருக்கிறாய் என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை." அவனுக்கு எல்லா விடைகளும் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் கேள்வியை மட்டும் நான் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலையல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித், 13 முதல் 17 வயதுவரையிலான 3,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை 2005இல் தன் சகாவுடன் சேர்ந்து நூலாக்கினார். அதில் இரண்டு முடிவுகள் எங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாக உறைக்கும். ஒன்று, பதின்பருவத்தினர் பெரும்பாலும் மதத்தை எதிர்த்துக் கலகம் செய்பவர்கள் அல்லர். தாங்கள் நம்புவது என்ன என்பதைச் சொல்ல மொழியில்லாதவர்கள். மற்றது, அவர்களுடைய நம்பிக்கையின் அளவும் குணமும் பெரும்பாலும் பெற்றோருடையதையே ஒத்திருக்கின்றன. வேறொரு நாட்டின் ஆய்வை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். இருந்தாலும் பேருந்து நிலையத்தில் நின்ற அந்தப் பையனை எனக்கு அது விளக்கிக் காட்டியது.

பரீட்சை விடுப்பு வெளிப்படையானது, பதிவேட்டில் எழுதிவிடலாம். எழுத முடியாத விடுப்புகளும் இருக்கின்றன.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக் காலத்தில்தான் சாதிச் சான்றிதழ் பிள்ளையின் கைக்கு வருகிறது. இப்பகுதிக் கிராமச் சபைகளில் பட்டியல் சமூகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் கதவு இன்றுவரை திறக்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அவர்களுக்கும் பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சான்று கோருவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் நியாய அநியாயம் தனி விவாதம். ஒடுக்குமுறை மதம் பார்த்து விலகுவதில்லை என்பதால், அந்த ஆணை திருத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து. நான் இங்கே கேட்பது வேறு. ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர் என்று இருக்கும் வீட்டில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தாயிடம் 'நான் யார்?' என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? "வெளியே பேசாதே" என்பதே பெரும்பாலும் பதில். மறுபுறம், சான்றிதழில் கிறித்தவர் என்றே எழுதி, அதனால் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. விசுவாசத்துக்கு விலை உண்டு என்பதைச் செய்யுளாக அல்லாமல் கணக்காக அறிந்த பிள்ளைகள் இவர்கள். இவர்களைப் போல வேதத்தை நெருக்கமாக வாசிக்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. ஆனால் இதைப் பற்றி ஒரு சொல்கூடத் திடப்படுத்தல் வகுப்பில் பேசப்படுவதில்லை.

சாதி பற்றியும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாகக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தென்மாவட்டப் பள்ளிகளில் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கயிறுகள் புதியவை அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் பங்குபெறும் கை, திங்கட்கிழமை கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது என்றால், கையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். கேட்க வாய் வருவதில்லை. திருமணத்துக்கு வரன் பார்க்கும்போதும் சபைத் தேர்தலில் வாக்குச் சேகரிக்கும்போதும் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கூட்டத்தில் ஒருவன் கேட்டேவிட்டான்: "சார், கயிறு கட்டுகிறது தப்பு. அழைப்பிதழில் போடுவது தப்பில்லையா?" நான் பேச்சை மாற்றினேன். இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்தவனுக்கு மார்கழி என்பது ஒலிபெருக்கியில் விடியும் மாதம். கோயிலிலிருந்து திருப்பாவை கேட்கும் அதே நாள்களில், நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீதபவனிக்குப் போய்க்கொண்டிருப்போம். ஆண்டாள் மாலையைச் சூடிப் பார்த்த கதை இவ்வூரில் கிறித்தவப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெருமாளுக்குக் கட்டிய மாலையைச் சிறுமி முதலில் தான் அணிந்து பார்க்கிறாள். தந்தை பெரியாழ்வார் பதறிக் கடிந்துகொள்கிறார். அவள் சூடியதையே தனக்கு வேண்டுமென்று இறைவன் கேட்டதாக மரபு. அதன் இறையியலுக்குள் நான் போகவில்லை. அது என் வீடல்ல. ஆனால் பெரியவருக்கு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது சிறியவளின் பக்தியாக இருந்தது என்பதை, அந்தக் கோபுர நிழலில் வளர்ந்த நான் எப்படி மறந்தேன் என்று சில நேரம் தோன்றும்.

காரணம் இருக்கிறது. ஓர் ஆண்டு இளைஞர் ஞாயிறன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் மன்றாட்டு ஜெபத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தோம். வழக்கமாக எழுதிவைத்த தாளை வாசிப்பார்கள். அவள் தானாக எழுதி வந்திருந்தாள். ஆட்சியாளர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வேண்டிய பிறகு, தேர்வில் தோற்கப்போகிறவர்களுக்காகவும், தோற்றால் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்களுக்காகவும், உயிரோடு இருக்க விரும்பாதவர்களுக்காகவும் வேண்டினாள். ஆலயம் அசையாமல் இருந்தது. வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர், பரீட்சை நேரத்தில் அமங்கலமாக இப்படியா ஜெபிப்பது என்று அவளைக் கடிந்துகொண்டார். நான் அருகில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் என்ன பேசினான் என்பதை எழுதப்போவதில்லை. அந்த ஜெபம் அவனுக்கானது என்பதை மட்டும் சொல்கிறேன். பத்து ஆண்டுகளில் நான் நடத்திய எந்த வகுப்பும் ஒருவனையும் அப்படி என் வாசலுக்கு அழைத்து வந்ததில்லை.

உலகத் திருச்சபையும் இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 2018 அக்டோபரில் இளையோருக்கென்றே ஆயர் மாமன்றம் கூட்டியது. இளையோர் திருச்சபையின் எதிர்காலம் மட்டுமல்லர், அதன் நிகழ்காலம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அடுத்த ஆண்டு எழுதினார். 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ், 2006இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. கணினியில் ஆர்வம் கொண்டவர், இணையதளம் உருவாக்கியவர் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். என்னைக் கவர்ந்தது வேறு. அவருடைய தாய் ஆலயத்துக்குப் போகும் பழக்கம் அதிகம் இல்லாதவர். மகன் கேட்ட கேள்விகளே தன்னைத் திரும்ப அழைத்து வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை வளர்ப்பது பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, பிள்ளை பெற்றோரை வளர்த்த செய்தி இது.

எங்கள் சபையில் பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், ட்யூஷன் முடியும் இரவு எட்டு மணிக்குப் பிறகு, ஒரு வீட்டு மாடியில் கூடுகிறோம். பாடம் இல்லை. பெயரில்லாத சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். கதவு திறந்தே இருக்கும். பெரியவர்கள் இருவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெண் ஒருவர் கட்டாயம். போக்சோ சட்டம் 2012இல் வந்த பிறகும் இத்தகைய விதிகளை எழுதிவைக்காத சபைகள் இருக்கின்றன என்பதால் இதைச் சொல்கிறேன். 'ஊழியக்காரர் நல்லவர்' என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. ஓராண்டாகக் காணிக்கைக் கணக்கைப் பெரியவர்களோடு சேர்ந்து இரண்டு மாணவர்கள் எண்ணுகிறார்கள். சபையின் மின்கட்டணம் எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் சில சங்கடமான கேள்விகள் வந்தன. அவை வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. சபைப் பொருளாளருக்கு இல்லை.

சாதி, சான்றிதழ் பற்றிய சீட்டுகள் முதல் மாதமே வந்தன. எங்களிடம் ஆயத்தமான பதில் இல்லை. வழக்கறிஞரான சபையார் ஒருவர் சட்டத்தை விளக்கினார். தன் கதையைத் தானே முன்வந்து சொன்ன ஒரு தகப்பனார், தான் கிறித்தவன் என்று எழுதியதால் இழந்ததையும், எழுதியதற்கான காரணத்தையும் சொன்னார். அவர் பேசி முடித்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது. ஒரு பிள்ளையும் கைப்பேசியை எடுக்கவில்லை.

பதிவேட்டில் 'வி' எழுதுவதையும் இந்த ஆண்டு நிறுத்திவிட்டேன். விடுப்புக் கேட்டு வரும் பெற்றோரிடம், பிள்ளையே வந்து கேட்கட்டும் என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சில பிள்ளைகள் வருகிறார்கள். கணிதம் வரவில்லை என்று தொடங்கி, அப்பாவின் குடி, வீட்டுச் சண்டை, தங்கள் ஜெபத்தைக் கேட்க யாராவது உண்டா என்ற சந்தேகம் என்று அரை மணி நேரம் வாசற்படியில் நின்று பேசிவிட்டு, கடைசியில் விடுப்பும் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அந்த அரை மணி நேரத்தை வருகையாகப் பதியலாமா என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.